இளவேனிலுக்கு ஏழு சீர்: முதல் குறள் வெண்பா எழுத ஒரு வழிகாட்டி

முதல் அடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று. ஆக மொத்தம் ஏழு. மரபுக் கவிதைக்குள் நுழைய இதைவிடச் சின்ன வாசல் எனக்குத் தெரியவில்லை. திருக்குறளின் 1330 பாக்களும் இந்த வாசல் வழியாக வந்தவைதான். பள்ளியில் அவற்றை அலகிட்டு வாய்பாடு எழுதி மதிப்பெண் வாங்கிய நாம், அதே கருவியைக் கையில் எடுத்து நாமே ஒன்று எழுதிப் பார்த்ததில்லை. இந்தப் பங்குனி, சித்திரையில் எழுதிப் பார்க்கலாம்.

வெண்பா புலவர்க்குப் புலி என்று ஒரு பழைய பேச்சு உண்டு. விதிகள் கறார்தான், மறுக்கவில்லை. ஆனால் எண்ணிக்கையில் மிகக் குறைவு. ஒரு மாலைப் பொழுதில் புரிந்துகொள்ளலாம், ஒரு வாரம் பழகினால் கைக்கு வந்துவிடும். நான் இங்கே சொல்லப்போவதில் பாதிதான் இலக்கணம். மீதி, கண்ணை எங்கே வைப்பது என்பதைப் பற்றியது. முதலில் அதிலிருந்தே தொடங்குவோம்.

முதலில் வெளியே போய்ப் பாருங்கள்

நம் மரபு ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரிக்கிறது. அதில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். அதற்கு முந்திய மாசி, பங்குனி பின்பனிக்காலம். இளவேனிலின் வருகையை எழுதப்போகிறவர் பங்குனியிலேயே நோட்டும் பேனாவுமாகத் தயாராக இருக்க வேண்டும், ஏனென்றால் மரங்கள் நாட்காட்டி பார்ப்பதில்லை. இலவமும் கல்யாண முருங்கையும் இலையை உதிர்த்துவிட்டு மாசியிலேயே சிவந்துவிடும். புங்கமரம் பழைய இலையைக் கொட்டி, சில நாட்களுக்குள் எண்ணெய் தடவினாற்போலப் பளபளக்கும் தளிரோடு நிற்கும். வேம்பு பூக்கும். மாமரத்தில் வடு திரளும். சரக்கொன்றை இவற்றுக்குப் பிறகு மஞ்சளாகத் தொங்கும்.

புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான். வசந்தம் என்றதும் குயில் கூவுகிறது, தென்றல் தவழ்கிறது, வண்டு முரல்கிறது என்று தானாகவே வந்து விழும். அந்தக் குயிலை எழுதியவர் கேட்டிருக்க மாட்டார், படித்திருப்பார். இன்னும் சிலர் பனி உருகியதாகவே எழுதிவிடுவார்கள். நம் சமவெளியில் எந்தப் பங்குனியில் பனி உருகியது?

குயிலை எழுதக் கூடாது என்றில்லை. ஆனால் கேட்டுவிட்டு எழுதுங்கள். மரத்துக்குள் ஒளிந்துகொண்டு, ஒவ்வொரு கூவலுக்கும் குரலை ஒரு படி ஏற்றிக்கொண்டே போகிறதே, அது ஆண் குயில். கரிய உடல், சிவந்த கண். பெண் குயிலுக்கு உடம்பெல்லாம் புள்ளி. அது காக்கைக் கூட்டில் முட்டையிடப் பார்க்கும், காக்கைகள் கத்திக்கொண்டு துரத்தும். இந்தத் துரத்தல் நம் மொட்டைமாடிக்கு மேலேயே நடக்கிறது. இதை எழுதியவர்கள் எத்தனை பேர்?

ஐங்குறுநூற்றில் இளவேனிற்பத்து என்று ஒரு பகுதி இருக்கிறது. பத்துப் பாட்டும் ஒரே விதமாகத் தொடங்கும்: அவர் வரவில்லை, இளவேனில் வந்துவிட்டது. தொடக்கம் ஒன்றுதான், ஆனால் பருவம் வந்ததற்கு ஒவ்வொரு பாட்டும் வேறு வேறு அடையாளத்தைக் காட்டும். ஒரு பாட்டுக்கு ஒரு பூ, ஒரு குரல், அவ்வளவுதான். அந்தப் பாக்கள் ஆசிரியப்பாவில் அமைந்தவை, நாம் எழுதப்போவது வெண்பா. ஆனாலும் இந்தப் பாடத்தை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்: ஏழு சீருக்குள் ஓர் அடையாளத்துக்குத்தான் இடம் உண்டு.

எனவே முதல் வாரம் கவிதை எழுதாதீர்கள். தினமும் கண்டதையோ கேட்டதையோ ஒன்றே ஒன்று, தேதி போட்டு, உரைநடையில் ஒரு வரி எழுதுங்கள். அழகாக இருக்கத் தேவையில்லை. என் நோட்டில் இருந்த ஒரு வரி இது: "காலையில் எழுந்து வாசல் தெளிக்கப் போனேன். அதற்குள் வேப்பமரம் பூவை உதிர்த்துக் கோலம் போட்டிருந்தது." இதைத்தான் கொஞ்ச நேரத்தில் குறள் வெண்பாவாக மாற்றப் போகிறோம். அதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும்.

அசையும் சீரும்

அசை இரண்டே வகை. நேர், நிரை. தனி நெடில் நேர்: பூ. நெடிலோடு ஒற்று வந்தாலும் நேர்: தேன். குறிலோடு ஒற்று வந்தாலும் நேர்: கல். இரண்டு குறில் சேர்ந்தால் நிரை: மல. குறிலும் நெடிலும் சேர்ந்தால் நிரை: நிலா. இவற்றோடு ஒற்று வந்தாலும் நிரைதான்: குயில், தளிர். தனிக் குறில் ஒன்று மிஞ்சினால் அதுவும் நேர், ஆனால் அது சீரின் கடைசியில்தான் மிஞ்சும். இன்னொன்று: ஐகாரம் சொல்லின் முதலில் வந்தால் நெடில், நடுவிலும் கடைசியிலும் வந்தால் குறில் போல நடத்துங்கள். அதனால் காலையில் என்பது கா, லையில் என்று நேரும் நிரையுமாகப் பிரியும்.

காதால் பிடிப்பது இன்னும் சுலபம். நேர் ஒரே தட்டு. நிரை ஒரு சின்னத் துள்ளலோடு வரும் தட்டு. தென்றல் என்று சொல்லுங்கள்: தென், றல். இலவம் என்று சொல்லுங்கள்: இல, வம். வேறுபாடு தெரிகிறதல்லவா?

அசைகள் சேர்ந்தால் சீர். ஈரசைச் சீர்கள் நான்கு. அவற்றின் வாய்பாட்டுப் பெயர்களே மரங்களும் காய்களுமாக இருப்பது இந்தப் பருவத்துக்குப் பொருத்தம்தான். நேர்நேர் தேமா: தென்றல், வேம்பு, கொன்றை. நிரைநேர் புளிமா: இலவம், முருங்கை, வசந்தம். நேர்நிரை கூவிளம்: மாவடு, பங்குனி, சித்திரை. நிரைநிரை கருவிளம்: குயிலொலி, புளிமரம்.

இந்த நான்கின் கடைசியில் இன்னொரு நேர் சேர்ந்தால் காய்ச்சீர். வைகாசி தேமாங்காய், இளவேனில் புளிமாங்காய், வேப்பமரம் கூவிளங்காய், மலர்பொழியும் கருவிளங்காய். கடைசியில் நேருக்குப் பதில் நிரை சேர்ந்தால் அது கனிச்சீர், வெண்பாவுக்குள் அதற்கு இடமில்லை. மாந்தளிர்களில் என்று எழுதினால் மாந், தளிர், களில், கனியாகிவிடும். மாந்தளிரில் என்று ஒருமையில் சொல்லுங்கள், மாந், தளி, ரில், காயாகிவிடும். பன்மை விகுதியான 'கள்' பெரும்பாலும் இப்படித்தான் காலை வாரும். அதை எடுத்துவிட்டால் பாட்டுக்கும் நல்லது, கண்முன் பல தளிருக்குப் பதில் ஒரு தளிர் நிற்கும்.

தளை: ஒரு சீர் அடுத்த சீருக்குக் கை கொடுப்பது

மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர். வெண்பாவின் உயிர் இந்த ஆறு சொற்களில்தான் இருக்கிறது. ஒரு சீர் மாவில் முடிந்தால் அடுத்த சீர் நிரையில் தொடங்க வேண்டும். விளத்தில் முடிந்தாலும் காயில் முடிந்தாலும் அடுத்தது நேரில் தொடங்க வேண்டும். முதல் அடியின் கடைசிச் சீருக்கும் இரண்டாம் அடியின் முதல் சீருக்கும் இடையிலும் இதே விதிதான். அடி முறிந்தாலும் தளை முறியாது.

பழகிப் பாருங்கள். இளவேனில் வந்தது: காய்முன் நேர், சரி. இளவேனில் பிறந்தது: காய்முன் நிரை, தளை தட்டுகிறது. சித்திரை பிறந்தது: விளமுன் நிரை, இதுவும் தட்டுகிறது. அதையே பிறந்தது சித்திரை என்று மாற்றிப் போடுங்கள். பிறந்தது கருவிளம், அதன்பின் சித் என்ற நேர். சரியாகிவிட்டது. தமிழில் சொற்களை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டாலும் வாக்கியம் பெரும்பாலும் உடையாது. அந்தச் சுதந்திரம்தான் வெண்பா எழுதுகிறவனுக்குக் கிடைத்திருக்கும் பெரிய சொத்து. தளை தட்டினால் முதலில் இடத்தை மாற்றுங்கள், அப்புறம் சொல்லை மாற்றுங்கள்.

பருவத்தின் பெயரிலேயே உங்களுக்கு நாலைந்து அளவு கிடைக்கும். வேனில் தேமா, வசந்தம் புளிமா, சித்திரை கூவிளம், இளவேனில் புளிமாங்காய். எது உட்காருகிறதோ அதைப் போடலாம். ஆனால் என் கருத்தைக் கேட்டால், பருவத்தின் பெயரே பாட்டுக்குள் வர வேண்டாம். வேப்பம்பூ வந்துவிட்டால் மாதம் தானாகத் தெரிந்துவிடும்.

ஈற்றுச் சீருக்கு மட்டும் தனி விதி. ஏழாம் சீர் ஒரே அசையாக நிற்க வேண்டும், அல்லது அந்த ஓரசையோடு கு, சு, டு, து, பு, று போன்ற குற்றியலுகரம் ஒட்டி நிற்க வேண்டும். இந்த நான்கு வகைக்கும் நாள், மலர், காசு, பிறப்பு என்று வாய்பாடு. நம் பருவச் சொற்களிலேயே சொல்வதானால்: பூ, குயில், காற்று, அரும்பு. இந்த நான்கும் ஈற்றில் நிற்கும். தென்றல், கோலம், இளவேனில் போன்றவை நிற்காது. பாட்டு நீட்டி முழக்காமல் டக்கென்று நின்றுவிட வேண்டும். வெண்பாவின் ஓசையே அப்படி.

வேப்பம்பூவை வெண்பாவாக்குவது

சரி, நோட்டில் இருந்த வரிக்கு வருவோம். வாயில் வந்தபடியே முதல் அடியை எழுதினேன்.

காலையில் எழுந்து வாசல் தெளிக்கையில்

அலகிட்டுப் பார்ப்போம். காலையில்: கா, லையில். கூவிளம். அடுத்து நேர் வர வேண்டும். எழுந்து என்பது நிரையில் தொடங்குகிறது. தட்டுகிறது. எழுந்து: எழுந், து. புளிமா. அடுத்து நிரை வர வேண்டும். வாசல் நேரில் தொடங்குகிறது. மறுபடி தட்டுகிறது. இரண்டு இடத்தில் பழுது, இரண்டும் ஒரே சொல்லின் இரு பக்கத்திலும். அந்தச் சொல்லை எடுத்துவிட்டால்? காலையில் வாசல்: விளமுன் நேர். வாசல் தெளிக்கையில்: மாமுன் நிரை. இரண்டு பழுதும் ஒரே வெட்டில் போய்விட்டன.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எழுந்து என்ற சொல் அங்கே என்ன செய்துகொண்டிருந்தது? எழாமல் யாரும் வாசல் தெளிக்கப் போவதில்லை. அது சும்மா உட்கார்ந்திருந்தது. தளை தட்டும் இடத்தில் பெரும்பாலும் இப்படி ஒரு சொல் உட்கார்ந்திருக்கும் என்பதை நான் பல முறை கண்டுவிட்டேன். அதனால்தான் வெண்பா இலக்கணத்தை விலங்கு என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. தேவையில்லாத சொல் எது என்று அது விரல் நீட்டிக் காட்டுகிறது.

அடுத்த முயற்சி:

காலையில் வாசல் தெளிக்குமுன் வேப்பமரம்
போட்டது பூவாலே கோலம்

தெளிக்கையில் என்பதைத் தெளிக்குமுன் என்று மாற்றினேன். நான் வருவதற்கு முன்பே மரம் முந்திக்கொண்டது என்பதல்லவா செய்தி? தெளிக், குமுன், கருவிளம். வேப்பமரம் கூவிளங்காய், போட்டது கூவிளம், பூவாலே தேமாங்காய். தளை எல்லாம் சரி. ஆனால் ஈற்றில் கோலம். கோ, லம் என்று இரண்டு நேர் அசை, உகரமும் இல்லை. நிற்காது. தவிர, காலை என்று தொடங்கிய பாட்டுக்கு இரண்டாம் அடி போட்டது என்று தொடங்கினால் எதுகை இல்லை.

எதுகை என்பது அடிகளின் முதல் சீர்களில் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது. முதலெழுத்துகள் இரண்டும் குறிலாகவோ இரண்டும் நெடிலாகவோ இருக்க வேண்டும். காலைக்கு எதுகை தேடி அலைந்தபோது பார்த்தால், ஈற்றில் நிற்க முடியாமல் தவித்த கோலமே அது! கா-லை, கோ-ல. முதலெழுத்து இரண்டும் நெடில், இரண்டாம் எழுத்து இரண்டிலும் லகர வருக்கம். கோலத்தைத் தூக்கி இரண்டாம் அடியின் தொடக்கத்தில் வைத்தேன்.

கோலத்தை முன்னே கொண்டுவந்ததும் 'வேப்பமரம்' அதோடு ஒட்டவில்லை, நடுவில் ஒரு வினை வேண்டும். அப்போதுதான் 'போட்டது' என்ற சொல்லும் எனக்கு உறுத்தியது. மரம் கோலம் போடவில்லை, பூவை உதிர்த்தது. கோலமாக எனக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். வேம்பு உதிர்த்த என்பதை வேம்புதிர்த்த என்று சேர்த்தேன்: வேம், புதிர்த், த. கூவிளங்காய். வேப்பமரம் இருந்த இடத்தில் அதே அளவில் உட்கார்ந்துவிட்டது.

காலையில் வாசல் தெளிக்குமுன் வேம்புதிர்த்த
கோலம் கிடக்கிறது பார்.

கோலம் தேமா, கிடக்கிறது கருவிளங்காய், பார் நாள். பூ என்ற சொல்லே இல்லை, ஆனாலும் வெள்ளை வெள்ளையாக அது தரையில் கிடப்பது தெரிகிறது. ஈற்றில் 'இன்று' என்றும் போட்டிருக்கலாம், தளைக்குப் பொருந்தும். ஆனால் காலையில் என்று சொன்ன பிறகு இன்று எதற்கு? பார் என்றால் வீட்டுக்குள் இருக்கும் ஒருவரைக் கூப்பிடுவதாகிறது. பாட்டுக்குள் இரண்டாவதாக ஓர் ஆள் வந்துவிடுகிறார்.

மோனையையும் சொல்லிவிடுகிறேன். ஓர் அடிக்குள் சீர்களின் முதலெழுத்து ஒன்றி வருவது மோனை. முதல் சீருக்கும் மூன்றாம் சீருக்கும் அமைந்தால் காதுக்கு மிக இதம். இந்தப் பாட்டில் தெளிக்குமுன் என்பதைக் கழுவுமுன் என்று மாற்றினால் காலைக்கும் கழுவுமுன்னுக்கும் மோனை கிடைக்கும், தளையும் கெடாது. மாற்றவில்லை. வாசலைத் தண்ணீர் தெளித்துத்தான் பெருக்குகிறோம், கோலம் போடுகிறோம். ஓசைக்காக உண்மையான சொல்லை விடக் கூடாது என்பது என் கட்சி. எதுகை இல்லாவிட்டால் குறள் வெண்பா மொட்டையாக ஒலிக்கும், அதை விடாதீர்கள். மோனை கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், துரத்திக்கொண்டு ஓடாதீர்கள்.

இரண்டு அடிக்கும் நடுவில் ஒரு திருப்பம்

ஹைக்கூ எழுதிப் பழகியவர்களுக்கு ஒன்று ஏற்கெனவே தெரியும்: இரண்டு காட்சிகளுக்கு நடுவில் விடப்படும் இடைவெளிதான் கவிதையை வேலை செய்ய வைக்கிறது. குறள் வெண்பாவுக்கும் அது பொருந்தும். முதல் அடியில் ஒரு நிகழ்ச்சி, இரண்டாம் அடியில் இன்னொரு பக்கத்திலிருந்து ஒரு பதில்.

நோட்டில் இருந்த இன்னொரு வரி: "ராத்திரி தகரக் கூரையில் மாவடு விழுந்து உருண்டது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அம்மா யாரது என்றாள்." இது முதலில் இப்படி வந்தது:

கூரைத் தகரத்தில் மாவடு வீழ்ந்துருள
யாரென்று கேட்கிறாள் தாய்

தளை சுத்தம். கூரை, யாரெ என்று ரகர வருக்கத்தில் எதுகையும் இருக்கிறது. ஆனால் 'தாய்' எனக்கு ஒட்டவேயில்லை. அம்மாவை நான் தாய் என்று கூப்பிட்டதே இல்லை. ஈற்றுச் சீர் ஓரசையாக இருக்க வேண்டுமே என்பதற்காக உள்ளே வந்த சொல் அது. அம்மா ஈற்றில் நிற்காது, சரி, நடுவில் நிற்கலாமே? இரண்டு நாள் இதோடு திரிந்தேன்.

கூரைத் தகரத்தில் மாவடு வீழ்ந்துருள
யாரென்றாள் அம்மா எழுந்து.

யாரென்றாள் தேமாங்காய், அம்மா தேமா, எழுந்து பிறப்பு. வேப்பம்பூப் பாட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று வெட்டி எறிந்தேனே, அதே எழுந்து. இங்கே அது வேலை செய்கிறது. தூக்கம் கலைந்து படுக்கையில் எழுந்து உட்காரும் அம்மாவை அந்த ஒரு சொல் காட்டிவிடுகிறது. அதனால் எந்தச் சொல்லையும் நல்லது, கெட்டது என்று நிரந்தரமாக முத்திரை குத்தாதீர்கள், இந்தப் பாட்டில் அதற்கு வேலை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வந்திருப்பது யார் என்று அம்மா கேட்டதற்கும் பாட்டு பதில் சொல்லவில்லை. வேனில்தான் வந்திருக்கிறது என்று நான் எழுதியிருந்தால் கெட்டுப்போயிருக்கும்.

அலகிடும்போது குழம்பும் இடம்

புணர்ச்சி. பலரும் பயிற்சிக்காகத் திருக்குறளை எடுத்து அலகிடத் தொடங்கி, 423ஆம் குறளில் வந்து திகைப்பார்கள். "மெய்ப்பொருள் காண்பது அறிவு" என்று பிரித்து எழுதினால் காண்பது கூவிளம், அறிவு நிரையில் தொடங்குகிறது. விளமுன் நிரை. வள்ளுவர் தளையை விட்டுவிட்டாரா? இல்லை. அவர் பாடியது "காண்ப தறிவு". காண்ப தேமா, தறி நிரை. மாமுன் நிரை, கச்சிதம். பொருள் எளிதில் புரியட்டும் என்று பிரித்து அச்சிடும்போது தளை மறைந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

இது நமக்கும் பயன்படும். து, டு, கு போன்ற குற்றியலுகரத்தில் முடியும் சொல்லுக்குப் பின் உயிரெழுத்து வந்தால் அந்த உகரம் போய்விடும், இரண்டும் சேர்ந்துவிடும். ஒரு சீர் நீளமாக இருந்து இடிக்கிறது என்றால் இப்படிச் சேர்த்துப் பாருங்கள். வேம்புதிர்த்த அப்படித்தான் வந்தது. ஆனால் சேர்த்ததை வாய்விட்டுப் படித்தால் புரிய வேண்டும். ஒரு சொல்லைக் கண்டபடி முறித்துப் பாதியை இந்தச் சீரிலும் மீதியை அடுத்த சீரிலும் வைப்பதற்கு வகையுளி என்று பெயர். பெரியவர்களும் செய்திருக்கிறார்கள். புதிதாக எழுதும்போது தவிர்த்துவிடுங்கள், அது ஒரு சோம்பேறித்தனமாகப் பழகிவிடும்.

அதேபோல் அடைப்புச் சொற்கள். தான், அங்கே, என்றும், நன்றாய், இனிதே. சீர் குறைகிறதே என்று இவற்றைச் செருகத் தோன்றும். ஏழு சீரில் ஒரு சீரை வீணடிப்பது ஏழில் ஒரு பங்கை வீணடிப்பது. அந்த இடத்தில் ஒரு நிறம் வரலாம், ஒரு சத்தம் வரலாம், ஓர் ஆள் வரலாம்.

எழுதி முடித்ததும் தாளைப் பார்க்காமல் மூன்று முறை சொல்லிப் பாருங்கள். வெண்பாவின் ஓசைக்குச் செப்பலோசை என்று பெயர். பாடுவதுபோல் இழுக்காது, ஒருவருக்கொருவர் பேசுவதுபோல் வரும். நாக்கு எங்கே தடுக்குகிறதோ அங்கே மறுபடி அலகிடுங்கள். கணக்கில் சரியாக இருந்தும் நாக்கு தடுக்கினால் நாக்கையே நம்புங்கள். அந்தச் சொல் உங்களுடைய சொல்லாக இருக்காது, என் 'தாய்' மாதிரி.

குறள் வெண்பா கைவந்த பிறகு மூன்றடியில் சிந்தியல் வெண்பா, நான்கடியில் இரண்டாம் அடியின் முடிவில் தனிச்சொல் வரும் நேரிசை வெண்பா என்று மேலே போகலாம். தளையும் ஈற்றுச் சீரும் எல்லாவற்றுக்கும் இதேதான். அவசரமில்லை. குறைந்தது ஒரு பருவம் முழுக்கக் குறளிலேயே இருங்கள்.

இப்போது உங்கள் முறை. முதல் அடியை நான் தருகிறேன்:

புங்கம் தளிர்க்கும் நிழலில் படுத்துறங்கும்

தேமா, புளிமா, புளிமா, கருவிளங்காய். முதல் சீரும் நான்காம் சீரும் பகரத்தில் தொடங்குவதால் மோனை இருக்கிறது. இரண்டாம் அடி நேரில் தொடங்க வேண்டும். முதலெழுத்து குறில், இரண்டாம் எழுத்து ங். எங்கள், அங்கே, தங்கை, சங்கு, பொங்கல் என்று கைவசம் இருப்பதையெல்லாம் ஓரமாக எழுதி வையுங்கள். மூன்றே சீர், கடைசியில் ஓரசை. அந்த நிழலில் தூங்குவது யார் என்பதைத்தான் நீங்கள் சொல்ல வேண்டும். நான் பார்த்த நிழலில் இப்படி இருந்தது:

நுங்குவிற்க வந்தவரின் நாய்.

நுங், குவிற், க, கூவிளங்காய். வந், தவ, ரின், அதுவும் கூவிளங்காய். நாய், நாள். இதை மூடி வைத்துவிட்டு, நீங்கள் பார்த்த மரத்தடிக்குப் போங்கள்.